சுருல் கிராமத்தில் ஒரு பல்கலைக்கழக வகுப்பு: தாகூரின் மறுபக்கம்

களப்பயிற்சி, தொழிலிடப் பயிற்சி, சமூகத்தோடு இணைந்த கற்கை என்பன உயர்கல்வித் துறையில் இன்று அடிக்கடி கேட்கும் சொற்கள். பாடத்திட்ட ஆவணங்கள் இவற்றுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்குகின்றன. இவை மேலை நாடுகளிலிருந்து அண்மையில் வந்து சேர்ந்த புதுமைகள் என்ற எண்ணமும் பலரிடம் உண்டு. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, வங்காளத்தின் வறண்ட பீர்பூம் மாவட்டத்தில், பல்கலைக்கழகப் பட்டம் எதனையும் கற்றுப் பெறாத ஒருவர், கல்லூரி மாணவர்களை விரிவுரை மண்டபத்திலிருந்து எழுப்பி ஓர் ஏழைக் கிராமத்துக்கு அனுப்பிவைத்தார். அவர் இரவீந்திரநாத் தாகூர். கீதாஞ்சலியின் ஆசிரியராகவும் 1913 இல் நோபல் பரிசு பெற்றவராகவும் நாம் நன்கறிந்த அந்தக் கவிஞர், தம் வாழ்வின் பிற்பாதியில் பெரும் பகுதியையும் கைப்பொருளில் பெரும் பங்கையும் செலவிட்டது கல்விக்காகவே. அந்தப் பக்கம் நம்மிடையே போதிய அளவு பேசப்படுவதில்லை.

1861 மே 7 ஆம் திகதி கல்கத்தாவின் ஜோராசங்கோ மாளிகையில், தேவேந்திரநாத் தாகூரின் பதினான்காவது பிள்ளையாகப் பிறந்தார் இரவீந்திரநாத். செல்வம் கொழித்த குடும்பம். பாடசாலைகளுக்குக் குறைவில்லை. நோர்மல் பாடசாலை, பெங்கால் அக்கடமி, சென். சேவியர் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்த்தார்கள். எதிலும் சிறுவன் நிலைக்கவில்லை. பொருள் விளங்காத பாடங்களைக் கூட்டமாக ஒப்புவிக்கும் வகுப்பறை அவனுக்குச் சிறையாகவே தோன்றிற்று. அந்தக் கசப்பு முதுமை வரை அவரை விட்டு நீங்கவில்லை.

வீட்டில் நடந்த கல்வி வேறு விதமானது. விடியலில் மல்யுத்தம், பின்னர் கணிதம், எலும்புக்கூடு ஒன்றை வைத்துக்கொண்டு உடற்கூற்றியல், மாலையில் ஆங்கிலம் என்று நாள் முழுவதும் ஆசிரியர்கள் வந்து போயினர். அதுவும் சுமையாகத்தான் இருந்தது. ஆனால் ஞாயிறு தோறும் வந்த விஞ்ஞான ஆசிரியர் ஒருவரை மட்டும் அவர் மறக்கவில்லை. கண்ணாடிப் பாத்திரத்து நீரில் மரத்தூளைப் போட்டு அடியில் நெருப்பு வைப்பார் அந்த ஆசிரியர். சூடான நீர் மேலெழுவதையும் குளிர்ந்த நீர் கீழிறங்குவதையும் மரத்தூளின் அசைவில் கண்ட சிறுவனுக்கு ஏற்பட்ட வியப்பு, ஐம்பது வயதிலே தன் வரலாற்றை எழுத அமர்ந்தபோதும் நினைவில் பசுமையாக இருந்தது.

1873 இல், பன்னிரண்டு வயது நிறையுமுன், தந்தை அவரை இமயமலைப் பயணத்துக்கு அழைத்துச் சென்றார். வழியில் சில நாட்கள் தங்கிய இடம் சாந்திநிகேதன். தேவேந்திரநாத் தியானத்துக்கென 1863 இல் குத்தகைக்குப் பெற்ற நிலம் அது. ஏழிலைப்பாலை மரங்களும் மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்களுமாக விரிந்த வெட்டவெளி. அதிலே சிறுவன் தன்னந்தனியாக அலைந்து கூழாங்கற்கள் பொறுக்கி வருவான். தந்தை அதனைத் தடுக்கவில்லை. கொண்டுவந்த கற்களைப் பார்த்துப் பாராட்டினார். செலவுப் பணத்தை மகனிடம் கொடுத்துக் கணக்குக் கேட்டார். விலையுயர்ந்த கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தார். மலையில் இரவு வேளைகளில் நட்சத்திரங்களைக் காட்டி வானியல் சொல்லிக் கொடுத்தார். பொறுப்பையும் சுதந்திரத்தையும் ஒருசேரத் தருவதே கல்வியின் தொடக்கம் என்று பிற்காலத்தில் தாகூர் கொண்ட கொள்கைக்கு இந்தச் சில மாதங்களே வித்து எனலாம்.

சட்டம் பயில்வதற்கென 1878 இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கில இலக்கிய விரிவுரைகளைச் சிறிது காலம் கேட்டார். பட்டம் எதுவுமின்றி 1880 இல் நாடு திரும்பினார். குடும்பத்தவருக்கு அது ஏமாற்றமே.

அவருடைய உண்மையான உயர்கல்வி பத்தாண்டுகள் கழித்து, வேறோர் இடத்தில் ஆரம்பித்தது என்பதே எமது கருத்து. குடும்பத்துக்குச் சொந்தமான, இன்றைய பங்களாதேசத்தில் அமைந்துள்ள ஷிலைதா, ஷாஜாத்பூர், பதிசர் ஆகிய காணிகளை நிர்வகிக்கும் பொறுப்பு 1890 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவரிடம் வந்தது. பத்மா நதியில் படகு வீட்டில் வாழ்ந்தபடி குடியானவர்களின் முறைப்பாடுகளைக் கேட்டார். கடன், காய்ச்சல், குடிநீர், வழக்கு என்று கிராம வாழ்வின் எல்லா முடிச்சுக்களும் அவர் முன் வந்து விழுந்தன. நகரத்துப் படித்த வர்க்கம் இந்த மக்களைப் பற்றி எதுவுமே அறியாதிருப்பதும், அறியாமலே நாட்டு விடுதலை பற்றிப் பேசுவதும் அவரை உறுத்தின. 1905 இல் பதிசரில் விவசாயிகளுக்கென ஒரு வங்கியை ஆரம்பித்தார். நோபல் பரிசுப் பணத்தின் பெரும் பகுதி பின்னர் இந்த வங்கியிலேயே இடப்பட்டது. குடியானவருக்குக் குறைந்த வட்டியில் கடன், வட்டி வருவாய் பாடசாலைக்கு என்பது ஏற்பாடு. வங்கி நிலைக்கவில்லை, பணமும் முழுமையாக மீளவில்லை. தாமே குடிகளிடம் வரி பெறும் ஜமீன்தாராக இருந்துகொண்டு குடிகளின் உயர்வு பற்றிப் பேசியதிலுள்ள முரண்பாட்டை விமர்சகர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். அதிலே நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அந்த முரண்பாட்டை அவரே உணர்ந்திருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1901 டிசெம்பரில் சாந்திநிகேதனில் ஐந்து மாணவர்களுடன் ஒரு பாடசாலை உருவாயிற்று. மூத்த மகன் ரதீந்திரநாத் அவர்களுள் ஒருவர். மரநிழலில் வகுப்பு, பருவங்களுக்கேற்ற விழா, தோட்டவேலை, மாணவர் தாமே நடத்தும் மன்றம் என்று அதன் புகழ் பரவியது. செலவுக்காகத் துணைவியார் மிருணாளினி தம் நகைகளை விற்றுக் கொடுத்தார். அடுத்த ஆண்டே அவர் காலமானார். 1903 இல் மகள் ரேணுகா, 1905 இல் தந்தை, 1907 இல் இளைய மகன் சமீந்திரநாத் என்று இழப்புகள் தொடர்ந்தன. ஆயினும் பாடசாலை தொடர்ந்தது.

வசதி படைத்த வங்காளக் குடும்பங்கள் பிள்ளைகளைச் சட்டத்துக்கும் சிவில் சேவைக்கும் இங்கிலாந்துக்கு அனுப்பிய காலம் அது. 1906 இல் தாகூர் தம் மகனை அனுப்பியதோ அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்துக்கு, விவசாயம் படிக்க. கிராமத்திலிருந்து வரும் வருவாயில் படிப்பவன் கிராமத்துக்குப் பயன்படும் கல்வியோடு திரும்ப வேண்டும் என்பதே அவர் எதிர்பார்ப்பு. 1909 இல் திரும்பிய ரதீந்திரநாத், ஷிலைதாவில் மண் பரிசோதனைக் கூடம் ஒன்றையும் பண்ணையொன்றையும் அமைத்தார்.

இவ்விடத்தில் 1915 ஆம் ஆண்டு நிகழ்வொன்றைக் குறிப்பிட வேண்டும். தென்னாபிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தி, தம் பீனிக்ஸ் குடியிருப்பின் மாணவர்கள் தங்கியிருந்த சாந்திநிகேதனுக்கு வந்தார். அங்கு சமையற்காரரும் துப்புரவுத் தொழிலாளரும் வேலை செய்ய, மாணவர் பாடல் பயில்வதைக் கண்டார். சமையல் முதல் மலசலகூடத் துப்புரவு வரை எல்லாவற்றையும் மாணவரும் ஆசிரியருமே ஏன் செய்யக்கூடாது என்று கேட்டார். மார்ச் 10 ஆம் திகதி வேலை ஆரம்பமாயிற்று. தாகூர் தடை சொல்லவில்லை. உற்சாகம் சில வாரங்களே நின்றது. ஆசிரியர் பலருக்கு அது ஒவ்வவில்லை. பழைய ஒழுங்கே மீண்டும் வந்தது. கலையிலும் இசையிலும் சிறந்த அந்த ஆச்சிரமம் கூட உடலுழைப்பு என்று வந்ததும் தயங்கி நின்றது என்பது தாகூர் கவனிக்கத் தவறிய பாடமல்ல.

1918 இல் அடிக்கல் நாட்டப்பட்ட விசுவபாரதி, 1921 டிசெம்பர் 23 ஆம் திகதி முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. உலகின் அறிஞர்கள் ஒன்றுகூடும் உயர்கல்வி நிலையமாக அது கருதப்பட்டது. கீழைத்தேய மொழிகள், தத்துவம், இசை, நந்தலால் போஸ் வழிநடத்திய ஓவியக்கூடம் என்று பிரிவுகள் தோன்றின. இத்தனைக்கும் நடுவே தாகூரின் மனம் நிலைகொண்டிருந்தது இரண்டு மைல் தொலைவிலுள்ள சுருல் கிராமத்தில். அங்கு பழைய மாளிகையொன்றை அவர் 1912 இலேயே வாங்கியிருந்தார். மலேரியா பீடித்த அந்த இடத்தில் தொடங்கிய முயற்சி எதுவும் உருப்படவில்லை.

அமெரிக்கப் பயணத்தின்போது நியூயோர்க்கில் அவர் ஓர் இளைஞரைச் சந்தித்தார். லெனார்ட் எல்ம்ஹேர்ஸ்ட் என்ற அந்த ஆங்கிலேயர், கேம்பிரிட்ஜில் வரலாறு படித்துவிட்டு, இந்தியக் கிராமங்களின் நிலையைக் கண்டபின் கோர்ணல் பல்கலைக்கழகத்தில் விவசாயம் பயின்றுகொண்டிருந்தவர். சுருலைச் சூழ்ந்த கிராமங்கள் ஏன் அழிந்துகொண்டு போகின்றன என்பதைக் கண்டறிந்து சொல்லுமாறு தாகூர் அவரைக் கேட்டுக்கொண்டார். பணத்துக்குத் தாகூரிடம் வழியில்லை. எல்ம்ஹேர்ஸ்டின் தோழியும் செல்வந்தருமான டொரதி ஸ்ட்ரெய்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி உதவ முன்வந்தார். பின்னர் எல்ம்ஹேர்ஸ்டை மணந்துகொண்ட இவருடைய உதவி பல ஆண்டுகள் தொடர்ந்தது.

1922 பெப்ரவரி தொடக்கத்தில், சாந்திநிகேதன் கல்லூரி மாணவர் ஏறத்தாழப் பத்துப் பேரும் சில ஆசிரியர்களும் எல்ம்ஹேர்ஸ்டுடன் சுருலுக்குக் குடிபெயர்ந்தனர். பெப்ரவரி 6 ஆம் திகதி நிலையம் ஆரம்பமாயிற்று. பின்னர் ஸ்ரீநிகேதன் என்று பெயர் பெற்றது இதுவே. முதல் பாடம் எந்த நூலிலும் இருக்கவில்லை. வேலைக்காரர் எவரும் இல்லை, சமையலும் துப்புரவும் தம்முடைய பொறுப்பே என்பதை அந்த மாணவர்கள் அறிந்தார்கள். மலத்தை அகற்றி, தோட்டத்தில் வெட்டிய குழியில் இட்டு மண்ணால் மூடிப் பசளையாக்க வேண்டும். பெரும்பாலும் உயர்சாதிக் குடும்பங்களில் பிறந்த இளைஞர்கள். அப்பணிக்கென்றே ஒரு சாதியை ஒதுக்கிவைத்த சமூகத்தின் பிள்ளைகள். அவர்கள் முகஞ்சுளித்ததில் வியப்பில்லை. எல்ம்ஹேர்ஸ்ட் தாமே முதலில் வாளியைத் தூக்கினார். பிறகு அவர்களும் தூக்கினார்கள். 1915 இல் ஒரு பெருந்தலைவரின் சொல்லுக்காகச் செய்யப்பட்டு நின்றுபோன வேலை, இங்கு மண்வளம், தொற்றுநோய், காய்கறி விளைச்சல் ஆகியவற்றோடு தொடர்புபட்ட பாடமாயிற்று. மண்ணிலிருந்து எடுப்பதை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்காத நாடு தன்னையே கொள்ளையிடுகிறது என்ற கருத்தை எல்ம்ஹேர்ஸ்ட் அதே ஆண்டு ஒரு பேருரையாக நிகழ்த்தினார். தாகூர் தலைமை வகித்தார்.

அடுத்து மாணவர் கிராமங்களுக்குச் சென்றனர். போதிப்பதற்காக அவர்கள் அனுப்பப்படவில்லை. கேட்டறிந்து வருவதற்காகவே அனுப்பப்பட்டனர். அயலவரின் நம்பிக்கையை ஏற்கெனவே பெற்றிருந்த காளிமோகன் கோஷ் இதில் வழிகாட்டியாக விளங்கினார். வீடுகள் எத்தனை, நிலம் யாருடையது, கடன் எவ்வளவு, கிணறு எங்கே, யார் யாருடன் பேசுவதில்லை என்ற விபரங்கள் திரண்டன. இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்த எல்ம்ஹேர்ஸ்ட் மூன்று நோய்களைக் கண்டார். ஒன்று மலேரியா, இரண்டாவது பயிரை அழிக்கும் குரங்குகள், மூன்றாவது ஒருவர் மீது மற்றவருக்குள்ள அவநம்பிக்கை. மூன்றாவதே கொடியது. முதலிரண்டையும் தீர்க்க ஊரார் ஒன்றுசேர வேண்டும். ஒன்றுசேர விடாமல் தடுத்தது மூன்றாவது. பொருளியல் நூலைப் பக்கம் பக்கமாக மனனம் செய்தாலும் இந்த முடிவுக்கு ஒரு மாணவன் வந்திருக்க முடியுமா என்பது ஐயமே.

இவ்வாறு கற்றதிலிருந்து வேலைகள் பிறந்தன. நீர் தேங்கிய குட்டைகளைத் தூர்த்தார்கள். கொயினா மாத்திரை வழங்கினார்கள். கிரெற்சன் கிறீன் என்ற அமெரிக்கத் தாதி ஒரு சிகிச்சை நிலையத்தை நடத்தினார். கிராமத்துச் சிறுவர்கள் சாரணர் குழுக்களாகத் திரட்டப்பட்டுத் தீயணைக்கவும் வடிகால் வெட்டவும் பழக்கப்பட்டனர். நெசவு, தோற்பொருள், மட்பாண்டம் ஆகிய கைத்தொழில்களுக்குப் பயிற்சிக்கூடங்கள் எழுந்தன. 1930களில் குடும்பத்துக்கு ஒரு சிறு சந்தா என்ற அடிப்படையில் சுகாதாரக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. மழை தொடங்கும் வேளையில் கலப்பையைப் போற்றும் ஏர் விழாவும் மரநடுகை விழாவும் 1928 முதல் இங்கு கொண்டாடப்பட்டன. கவிஞர் தாமே ஏர் பிடித்தார். நாகரிகக் கல்லூரி மாணவனும் குடியானவனும் ஒரே பந்தலில் நிற்பதற்கு ஒரு விழா வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இதனைத் தனித்த வெற்றிக் கதையாகச் சொல்வது உண்மைக்கு மாறானது. சாந்திநிகேதனின் அறிவாளர் பலர் ஸ்ரீநிகேதனை ஒரு படி தாழ்வாகவே நோக்கினர். பெற்றோர் விரும்பியது பட்டம். கல்கத்தாப் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு மாணவரைத் தோற்றச் செய்யும் ஏற்பாட்டுக்கு விசுவபாரதி மெல்ல மெல்ல இணங்க நேர்ந்தது. பரீட்சை நுழைந்ததும் பாடத்திட்டம் நுழைந்தது. பாடத்திட்டத்தின் பின்னால் குறிப்புப் புத்தகமும் வந்தது. தாம் ஓடித் தப்பிய பாடசாலை தம்முடைய வளாகத்துக்குள்ளேயே மீண்டும் முளைப்பதைத் தாகூர் கண்டார். 1924 இல் சிக்ஷாசத்ரா என்ற சிறு பாடசாலையை அவர் தொடங்கியதற்கு இதுவே காரணம். பட்டமும் பதவியும் எதிர்பார்க்க வாய்ப்பற்ற ஏழைக் கிராமத்துப் பிள்ளைகள் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்குப் பரீட்சை பற்றிய கவலை இல்லை; ஆகவே அங்கேதான் உண்மையான கல்வியைப் பரீட்சித்துப் பார்க்க முடியும் என்று அவர் கருதினார். தோட்டமும் சமையலும் தறியுமே அங்கு பாடங்கள். தம் கனவுக்கு மிக நெருங்கியது இந்தச் சிறு பாடசாலையே என்று அவர் எண்ணினார். கனவு பலித்த இடம் பல்கலைக்கழகமாக அமையவில்லை என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

பணமுடை கடைசி வரை துரத்தியது. எழுபது வயதைக் கடந்தபின்னும் கலைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்று நாட்டிய நாடகம் நடத்தி நிதி திரட்டினார். 1934 இல் எமது நாட்டுக்கு அவர் வந்த பயணமும் அத்தகையதே. 1922 இலும் 1928 இலும் இங்கு வந்தவர், மூன்றாவது முறை குழுவினரோடு வந்து கொழும்பில் சாபமோசனம் என்ற நாட்டிய நாடகத்தை அரங்கேற்றினார், யாழ்ப்பாணத்துக்கும் சென்றார். அவ்வாண்டு மே 20 ஆம் திகதி ஹொரணையில், வில்மட் பெரேரா ஆரம்பித்த ஸ்ரீபாலி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். சாந்திநிகேதனையும் ஸ்ரீநிகேதனையும் நேரில் பார்த்து வந்தவர் பெரேரா. கலையும் கைத்தொழிலும் கிராமப் பணியும் ஒன்றிணைந்த கல்வியை இங்கும் உருவாக்க விரும்பினார். அந்த நிலம் 1996 முதல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபாலி வளாகமாக விளங்குகின்றது. ஆனந்த சமரக்கோன், எதிரிவீர சரச்சந்திர, சித்திரசேன ஆகியோர் சாந்திநிகேதனில் பயின்று திரும்பி இந்நாட்டுக் கலைக்கு ஆற்றிய பணி யாவரும் அறிந்ததே. கலையை நாம் பெற்றுக்கொண்டோம். ஸ்ரீநிகேதனின் மண்வெட்டியை அதே ஆர்வத்தோடு எவரும் கொண்டுவரவில்லை.

1936 இல் டில்லியில் நோயுற்ற உடலோடு நிதி திரட்டிய தாகூரின் நிலை கண்டு வருந்திய காந்தி, அன்பர் ஒருவர் மூலம் 60,000 ரூபா பெற்றுக் கொடுத்து அவரைத் திருப்பி அனுப்பினார். 1940 பெப்ரவரியில் காந்தி சாந்திநிகேதன் வந்து விடைபெற்றபோது, தம் காலத்துக்குப் பின் விசுவபாரதியைப் பாதுகாக்குமாறு கேட்கும் கடிதத்தைக் கவிஞர் அவர் கையில் கொடுத்தார். அதே ஆண்டு ஓகஸ்ட் 7 ஆம் திகதி ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் தன் பிரதிநிதிகளைச் சாந்திநிகேதனுக்கே அனுப்பி அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. சரியாக ஓராண்டின் பின், 1941 ஓகஸ்ட் 7 ஆம் திகதி, தாம் பிறந்த ஜோராசங்கோ மாளிகையிலேயே தாகூர் காலமானார்.

விசுவபாரதி 1951 இல் இந்திய மத்திய அரசின் பல்கலைக்கழகமாயிற்று. நிதிக் கவலை நீங்கியது. பட்டம் வழங்கும் அதிகாரமும் கிடைத்தது. மார்ச் 10 ஆம் திகதி காந்தியின் நினைவாக மாணவரும் ஆசிரியரும் வளாகத்தைத் தாமே துப்புரவு செய்யும் வழக்கம் ஆண்டுக்கொரு நாள் தொடர்கின்றது. பரீட்சைக்கு அப்பால் நிற்கவேண்டும் என்று தொடங்கப்பட்ட சிக்ஷாசத்ரா, பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் ஒரு பாடசாலையாயிற்று. அதன் மாணவர்களும் மற்றைய பாடசாலை மாணவரைப் போலவே இப்போது பரீட்சை எழுதுகின்றனர்.